டைனோசிஸ்ட்டுக்குப் பேர் வைக்கணுமா, முதல்ல ஓட்டையைப் பாருங்க

டைனோசிஸ்ட்ங்கிறது டைனோஃபிளாஜெல்லேட்ங்கிற ஒத்தை செல் நுண்ணுயிர் உறக்கக் காலத்துக்காகத் தன்னைச் சுத்திக் கட்டிக்கிற கெட்டி ஓடு. மைக்ரோஸ்கோப் ஸ்லைடுல முள்ளு முள்ளா ஒரு உருண்டை தெரிஞ்சதுமே நிறைய பேர் முள்ளோட நீளத்தை அளக்க ஆரம்பிச்சிடுறாங்க. அது கடைசியா பண்ண வேண்டிய வேலைங்க. முதல்ல ஆர்க்கியோபைலைத் தேடுங்க, அதாவது உள்ள இருந்த செல் வெளிய வரும்போது சுவர்ல திறந்த ஓட்டை. செல்லோட கவசத் தட்டுகளோட அமைப்பு சிஸ்ட் சுவர்லயும் தெரியும், அதுல எந்தத் தட்டு கழண்டு அந்த ஓட்டை வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பெரிடினியாய்டு, கோனியாலகாய்டுன்னு ரெண்டு பெரிய குழு இருக்கு. பெரிடினியாய்டு வகைன்னா பெரும்பாலும் 2வது இன்டர்கேலரி தட்டு (உச்சித் தட்டுகளுக்கும் பிரிசிங்குலர் தட்டுகளுக்கும் நடுவுல இருக்குறது), கோனியாலகாய்டுன்னா பல சமயம் 3வது பிரிசிங்குலர் தட்டு (குறுக்குப் பள்ளத்துக்கு உடனே மேல இருக்குறது), சிலதுல உச்சித் தட்டுகளே மொத்தமா கழண்டிருக்கும்.

அடுத்து குறுக்குப் பள்ளமான சிங்குலத்தையும் நீளவாக்குல ஓடுற சல்கஸையும் கண்டுபிடிச்சு, கோஃபாய்ட் முறைல, அதாவது உச்சியிலேர்ந்து அடி வரைக்கும் தட்டுகளை வரிசை வரிசையா எண்ணுற முறைல, நம்பர் போடுங்க. இங்க ஃபோகஸை மெதுவா மேலயும் கீழயும் நகர்த்திப் பார்க்கணும், ஏன்னா பார்க்குறது மேல் சுவரா, இல்ல உள்வழியா தெரியுற கீழ் சுவரான்னு கவனிக்கலேன்னா இடம் வலம் மாறி தட்டு நம்பர் எல்லாமே தப்பாயிடும். சுவர் ஒத்தையா, ரெண்டு அடுக்கா பிரிஞ்சு நடுவுல இடம் இருக்கான்னும் குறிச்சுக்கோங்க.

ஒரு உதாரணம் பாருங்க, ஆப்பர்குலோடைனியம் சென்ட்ரோகார்ப்பமும் லிங்குலோடைனியம் மகேரோஃபோரமும் சட்டுனு பார்த்தா ஒண்ணு போலவே முள் உருண்டைதான். ஆனா முதல்ல சொன்னதுல ஒரே ஒரு தட்டுதான் கழண்டிருக்கும், முள் நுனி கொஞ்சம் விரிஞ்சிருக்கும். ரெண்டாவதுல பல நேரம் ஒண்ணுக்கு மேற்பட்ட தட்டு போயிருக்கும், முள்ளு கத்தி மாதிரி கூராப் போகும். அந்த மகேரோஃபோரமே உப்பு கம்மியான தண்ணில குட்டை முள்ளோட வளரும், கருங்கடல்ல இது நல்லாத் தெரிஞ்ச விஷயம். அதனாலதான் குட்டை முள்ளு மட்டும் பார்த்துட்டு புது ஸ்பீஷிஸ்னு கிளம்பாதீங்கன்னு சொல்றேன். நிறைய சிஸ்ட்டை அளந்து, இடைப்பட்ட வடிவம் இருக்கான்னு பாருங்க. இருந்தா அது ஒரே ஸ்பீஷிஸோட வேறுபாடாத்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

நிஜமாவே புதுசுதான்னு தோணினா டைனோஃப்லாஜ் பட்டியல்ல (புதைபடிவ டைனோஃபிளாஜெல்லேட் பேர்களோட தொகுப்பு) தேடிடுங்க, பழைய பேர் வேற ஜீனஸுக்கு மாறிப் போயிருக்கலாம். பேர் வைக்கிறது ஆல்கா, பூஞ்சை, தாவரங்களுக்கான சட்டப்படி. லத்தீன் இல்லன்னா இங்கிலீஷ்ல விளக்கம் வேணும், ஹோலோடைப்பா, அதாவது அந்தப் பேருக்கு ஆதார மாதிரியா, ஒரே ஒரு சிஸ்ட்டைக் காட்டணும், அதோட படம் வேணும், அது எந்த நிறுவனத்துல இருக்குன்னும் எழுதணும். லத்தீன் இலக்கணப்படி டைனியம்னு முடியுற ஜீனஸ் பேர் நியூட்டர் (அஃறிணைப் பால்), ஸ்பினிஃபெரைட்டீஸ்ங்கிற ஜீனஸ் பேர் மேஸ்குலின் (ஆண்பால்), ஸ்பீஷிஸ் பேரோட முடிவு அதுக்கு ஒத்துப்போகணும். உயிரோட இருக்குற செல்லுக்குத் தனிப் பேர் இருந்தாலும் பரவால்ல, டைனோஃபிளாஜெல்லேட்டுக்கு அந்த ரெண்டு பேருமே செல்லுபடியாகும், லிங்குலோடைனியம் பாலிஎட்ரா செல்லோட சிஸ்ட்தான் மகேரோஃபோரம்.

ஆர்க்கியோபைலே தெரியலேன்னா ஜீனஸ் பேரோட 'எஸ்பி.'ன்னு (ஸ்பீஷிஸ் தெரியலன்னு அர்த்தம்) போட்டு நிறுத்திடுங்க, ஜீனஸும் சந்தேகம்னா கேள்விக்குறி போடுங்க. ஹோலோடைப்போட இங்கிலாந்து ஃபைண்டர் எண்ணை (ஸ்லைடுல அது இருக்குற இடத்தைக் கட்டம் போட்ட கண்ணாடி வெச்சுக் குறிக்கிற எண்) மட்டும் விட்டுடாதீங்க, அது இல்லாம அடுத்து வர்றவங்க அந்த ஸ்லைடுல அதே சிஸ்ட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.