பெங்களூரில் கன்னடக் குடும்பத்தோடு தங்கிப் படிக்க

முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: வாடகையில் கரண்ட், வைஃபை, ஞாயிறு மதியச் சாப்பாடு அடக்கமா? காலி செய்யும்போது பெயின்டிங் என்று எவ்வளவு பிடிப்பார்கள்? பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு கடைசி நாளில் நிற்காது.

மனஸ்தாபம் பெரும்பாலும் வெந்நீரில்தான் தொடங்கும். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால், ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீர்தான் முதலில் சில்லென்று வரும். அதை வாளியில் பிடித்துத் துணி அலச வையுங்கள். சும்மா ஓடவிட்டால் வீட்டுக்கார ஆன்ட்டியின் முகம் மாறும். பல பகுதிகளில் காவிரித் தண்ணீர் தினமும் வருவதில்லை. ஜூலை, ஆகஸ்ட் மேகமூட்டத்தில் சோலார் வெதுவெதுப்போடு நின்றுவிடும். அப்போது கீசர் எத்தனை நிமிடம் போடலாம் என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாடு வேண்டாமென்றால் மாலை 5 மணிக்குள் சொல்லுங்கள். சப்பாத்தி மாவு பிசைந்தபின் சொல்வதும் சொல்லாததும் ஒன்றுதான். சாம்பாரில் வெல்லம் தட்டுப்படலாம். குறை சொல்லாமல், ஊரிலிருந்தே ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுபோய்விடுங்கள். பரிமாறும்போது 'சாக்கு' என்றால் போதும் என்று அர்த்தம் (நம்மூர் கோணிச்சாக்கு இல்லை). 'ஊட்டா ஆய்த்தா?' (சாப்பாடு ஆச்சா?) என்பது பெரும்பாலும் நலம் விசாரிப்பு. 'ஆய்த்து' (ஆச்சு) என்று சிரித்துவிட்டு நகரலாம்.