உப்புக் காற்றில் ஃபார்ம்ஹவுஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் ஹாலின் ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை அடித்திருந்தார். மாடர்ன் ஃபார்ம்ஹவுஸ், அதாவது அமெரிக்கப் பண்ணை வீடு மாதிரி உள் அலங்காரம் என்றதும் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்த பிறகு போய்ப் பார்த்தேன். கீழ்ப்பலகை டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பிக் கிடந்தது. விரலை வைத்தால் உள்ளே போகிறது. எம்.டி.எஃப். பலகை. மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்வது. ஒருமுறை ஊதினால் காய்ந்தாலும் பழையபடி ஆகாது.

அமெரிக்கக் களஞ்சியங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரி பலகை அடித்தது வெளிச்சுவரில், காற்றும் மழையும் உள்ளே வராமல் இருக்க. நாம் அதை ஓதம் ஏறும் சுவரை மறைக்க அடிக்கிறோம். ஈரம் பின்னாலேயே தங்கும், அப்புறம் பூசணம், கரையான். முதலில் ஓதத்துக்கு வைத்தியம் பாருங்கள். புதுச்சேரிப் பழைய வீடுகளைப் போலச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவராக இருந்தால், அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பே போதும். சுவர் மூச்சு விடும். வெள்ளையும் கண்ணைக் குத்தாது.

அடுத்தது கறுப்பு இரும்பு. கைப்பிடி, விளக்கு, ஷெல்ஃப் தாங்கி, எல்லாமே கறுப்பு. படத்தில் அழகுதான். ஆனால் கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த வீட்டில் சாதா இரும்புக்குப் பெயிண்ட் அடித்து மாட்டினால், சுவரில் காவிக் கோடு வழிய அதிக நாள் ஆகாது. உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துரு பிடிக்க மழையே வேண்டாம். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) மேல் பவுடர் கோட்டிங், இல்லையென்றால் 316 ரக எஸ்.எஸ். (எவர்சில்வர்) கேளுங்கள். வழக்கமான 304 ரகம் கடலோரத்தில் அங்கங்கே பழுப்புப் புள்ளி போடும். எதுவானாலும் அவ்வப்போது நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

தண்டவாளத்தில் ஓடும் களஞ்சியக் கதவை பாத்ரூமுக்குப் போடாதீர்கள். சுவருக்கும் கதவுக்கும் நடுவே சந்து இருக்கும். வாசனை, சத்தம், கொசு எல்லாம் அந்த வழியாகத்தான். ஏ.சி. அறைக்கும் ஆகாது. ஸ்டோர் ரூமுக்குச் சரி.

பெரிய வெள்ளைப் பீங்கான் சிங்க் பற்றி ஒரு வரி: எவர்சில்வர் உரசினால் சாம்பல் கோடு விழும், குக்கர் கைநழுவினால் ஓரம் பெயரும்.

புது மேசையை உப்புத்தாளால் சுரண்டிப் பழசாக்குவதும் நடக்கிறது. "காசு கொடுத்து வாங்கி ஏன்டா சுரண்டின?" என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஈ.சி.ஆர். பக்கம் நிஜமான பழைய கதவு, ஜன்னல் கிடைக்கும். வாங்கும்போது தரையில் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரி கொட்டினால் உளுத்த மரம், தொடாதீர்கள்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த பலாவில் சித்தப்பா ஒரு பெஞ்ச் செய்து திண்ணையில் போட்டிருக்கிறார். அப்போது மஞ்சளாக இருந்தது, இப்போது நல்ல தேன் நிறம். என் வெள்ளைச் சுவரோரம் போட்டுக்கொள்ளக் கேட்டேன். தரமாட்டேன் என்கிறார்.