‘பிள்ளை நல்லா இருக்கே, அப்புறம் என்ன?’: பிரசவ வார்டில் கருத்துக் கேட்கும்போது நடக்கும் தவறுகள்

வீட்டுக்குக் கிளம்பும் நேரம். பை கட்டியாயிற்று, வண்டி வாசலில் நிற்கிறது, கையில் மூன்று நாள் குழந்தை. அப்போது செவிலியர் ஒரு தாளை நீட்டுகிறார்: ‘எங்க கவனிப்பு எப்படி இருந்தது? அஞ்சுக்கு எத்தனை?’ யாராக இருந்தாலும் ஐந்து போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

குடும்பங்களின் கருத்தைக் கேட்டு மகப்பேறு கவனிப்பைச் சீராக்க நினைக்கும் மருத்துவமனைகள் முதலில் சறுக்குவது இங்கேதான். கேட்பவரே கவனித்தவர். தடுப்பூசிக்கு மறுபடி இங்கேதான் வர வேண்டும். அதைவிட, தாயும் சேயும் நலம் என்ற நிம்மதி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. ராத்திரி கூப்பிட்டும் யாரும் வராதது, சொல்லாமலே பரிசோதனை செய்தது எல்லாம் பிறகுதான் மேலே வரும். ஆறு வாரம் கழித்து, வார்டில் வேலை செய்யாத ஒருவர் கேட்டால், அதே பெண் வேறு கதை சொல்லக்கூடும்.

கேள்வியிலும் கோளாறு உண்டு. ‘திருப்தியா?’ என்றால் ‘திருப்தி’ என்றுதான் பதில் வரும். ‘வலி கூடியபோது யாரிடம் சொன்னீர்கள்? எவ்வளவு நேரத்தில் வந்தார்கள்? என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொன்னார்களா?’ என்று கேட்டால், எதைத் திருத்துவது என்று தெரியும். இதையெல்லாம் வெறும் உபசார விஷயம் என்று ஒதுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட தாய்-சேய் கவனிப்புத் தர நெறிகள் எட்டில் மூன்று, பேச்சுத் தொடர்பு, மரியாதை, மனத் துணை பற்றியவை.

என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, குழந்தையை இழந்தவர்களை விட்டுவிடுவது. ‘பாவம், எதற்கு மறுபடி கிளற வேண்டும்’ என்பார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி-டெல்ஃபோர்ட் மருத்துவமனைகளில் என்ன நடந்தது? குழந்தையை இழந்த பெற்றோர் விடாமல் கேட்டதால்தான் 2017-இல் விசாரணை வந்தது. 23 குடும்பங்களோடு ஆரம்பித்தது, 2022 மார்ச்சில் இறுதி அறிக்கை வந்தபோது 1,486 குடும்பங்களாகியிருந்தது. கவனிப்பு சரியாக இருந்திருந்தால் 201 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்றது அந்த அறிக்கை. தாய்மார்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்பதும் அதில் திரும்பத் திரும்ப வருகிறது.

அதற்காக, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கும் ‘வாழ்த்துகள்! உங்கள் அனுபவம் எப்படி?’ என்ற குறுஞ்செய்தி தானாகப் போய்விடக் கூடாது. பட்டியலை யாரும் சரிபார்க்காததால் நடக்கும் கொடுமை இது. அவர்களுக்குத் தெரிந்த ஒருவர், அவர்கள் விரும்பும் நேரத்தில், விரும்பினால் மட்டும் கேட்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் குழந்தையோடு இருந்தவர்களும் கருத்துக் கேட்கும் பட்டியலிலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

மொழி தெரியாத தாய்க்கு உறவினரையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். உறவினர் காதுபடச் சொல்ல முடியாதவை சில உண்டு. தகப்பனிடமும் தனியாகக் கேளுங்கள். கதவுக்கு வெளியே ஒரு தகவலும் இல்லாமல் மணிக்கணக்கில் நின்றவர் அவர்தான்.

சராசரியை நம்பி உட்கார்ந்துவிடுவது இன்னொன்று. ‘குழந்தை அசைவு குறைஞ்ச மாதிரி இருக்குன்னு சொன்னேன், யாரும் பார்க்கலை’ என்று ஒருவர் எழுதியிருந்தால், மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் பாராட்டு அதை ஈடுகட்டாது. அதை ஆண்டறிக்கைக்கு ஒதுக்கி வைக்காமல், அன்றைக்கே பாதுகாப்பு குறித்த விசாரணைக்கு அனுப்ப வேண்டும். பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். சின்ன மருத்துவமனையில் ‘அந்த வாரம் இரட்டைக் குழந்தை பெற்றவர்’ என்றாலே ஆள் தெரிந்துவிடும்.

கடைசியாக, கேட்டுவிட்டு மௌனமாகிவிடுவது. கருத்துச் சொன்னவர்களிடமே திரும்பப் போய், என்ன மாறியது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று சொல்ல வேண்டும். ‘நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம்’ என்று வரவேற்பறையில் பலகை வைப்பது நல்லதுதான். இரண்டு வருடப் பழைய தேதியோடு தொங்கினால், அடுத்த தாளை யாரும் நிரப்ப மாட்டார்கள்.