விலை குறைந்த பேஸ் கிட்டாரில் பிக்கப் மாற்றுவது எப்படி?

தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தப் பகுதிதான் பிக்கப். புதியது வாங்குவதற்கு முன் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகளில் (ஃப்ரெட்) கடைசியில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 2.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை நல்ல தொடக்கம். மிகவும் தள்ளியிருந்தால் ஒலி மெலியும். மிகவும் நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியையே கலங்கடிக்கும். பிக்கப்பின் திருகுகளைத் திருப்பி உயரத்தைச் சரிசெய்யுங்கள். பல கிட்டார்களுக்கு இந்தத் திருத்தமே போதும்.

அப்படியும் ஒலி மந்தமாக இருந்தால் மாற்றலாம். கடைக்குப் போகும்முன் பழையதன் நீளம், அகலம், திருகுத் துளைகளின் இடம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு பிக்கப் கொண்ட ஜாஸ் பேஸ் வகையில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப் பொதுவாகப் பிரிட்ஜ் (தந்திகள் உடலில் பொருந்தும் தாங்கி) பக்கத்ததைவிடச் சுமார் 3 மில்லிமீட்டர் குட்டையானது. சில மலிவு மாடல்களிலோ இரண்டும் ஒரே அளவு. இந்த வகையில் இரண்டையும் ஜோடியாகவே வாங்குங்கள். ஜோடியில் ஒன்றின் கம்பிச் சுருள் சுற்றிய திசையும் காந்த முனையும் மற்றதற்கு எதிராக அமைந்திருக்கும்; அதனால்தான் இரண்டின் வால்யூமையும் சம அளவில் திறக்கும்போது மின் இரைச்சல் அடங்குகிறது.

கிட்டாரின் உள்ளே பேட்டரி இருந்தால் அது ஆக்டிவ் வகை. இந்த விளக்கம் அதற்குப் பொருந்தாது.

40 வாட் சால்டரிங் அயன், ரோசின் (பற்றவைக்க உதவும் பிசின்) உள்ள ஈயக்கம்பி, மல்டிமீட்டர் போதும். தந்திகளைத் தளர்த்தி மூடியைத் திறந்ததும், எந்த வயர் எங்கே போகிறது என்று தெளிவாகப் படமெடுங்கள். ஒவ்வொரு பிக்கப்பிலிருந்தும் வழக்கமாக இரண்டு வயர்கள் வரும்: ஒன்று வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின்) காலுக்கு, மற்றது அதன் முதுகுக்கு, அதாவது எர்த்துக்கு. வயரின் நிறத்தை நம்பாதீர்கள். புதிய பிக்கப்புடன் வரும் தாளைப் பாருங்கள். பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் வயரை அப்படியே விட்டுவிடுங்கள்.

பற்றவைப்பை உருக்கிக் கழற்றிய பழைய வயரின் முனையில் நூல் கட்டி வெளியே இழுத்தால், அதே நூல் புதிய வயரைத் துளை வழியே உள்ளே கொண்டுவரும். அடியிலுள்ள ஸ்பாஞ்சைத் தூக்கி எறிய வேண்டாம். பிக்கப்பை மேலே தாங்குவது அதுதான்.

தொடக்கநிலையினர் தடுமாறுவது பற்றவைப்பில்தான். சூடேற வேண்டியது வயரும் பாட்டும். அவை சூடானால் ஈயம் தானாக உருகி ஓடும். அயன் நுனியில் உருக்கிய ஈயத்தைச் சொட்டவிட்டால் அது மேலே உருண்டையாக நிற்கும், நாளடைவில் பெயரும். பாட்டின் முதுகு வெப்பத்தை நிறைய உறிஞ்சும். அந்த இடத்தை முன்பே லேசாகச் சுரண்டி, சிறிது ஈயம் பூசிவைத்தால் நீண்ட நேரம் சூடாக்கிப் பாட்டைக் கெடுக்க நேராது. ஈயம் உறையும்வரை வயர் அசையக்கூடாது.

தந்திகளை இறுக்கும்முன் ஆம்ப்ளிஃபையரில் செருகி, ஸ்க்ரூ டிரைவரால் காந்த முனைகளை மெல்லத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டும் கேட்க வேண்டும். பிறகு தந்திகளை ஏற்றி வாசியுங்கள். இரண்டு பிக்கப்பின் வால்யூமையும் முழுதாகத் திறந்ததும் அடித்தொனி காணாமற்போனால், ஏதேனும் ஒரு பிக்கப்பின் இரு வயர்களை மட்டும் இடம்மாற்றுங்கள். தந்தியைத் தொட்டும் இரைச்சல் சற்றும் குறையவில்லையா? பிரிட்ஜின் எர்த் வயர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் பிக்கப்பின் உயரத்தை மறுபடி அளந்து, நான்கு தந்திகளும் ஒரே அளவில் ஒலிக்கும்வரை திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள்.