காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்கள்: பயணத்தைக் கெடுக்கும் தவறுகள்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் ஒரே நாளில் ஐந்தாறு கிராமங்களைப் பார்த்துவிடலாம் என்று கிளம்புபவர்கள் பாதி நாளைச் சாலையிலேயே கழிப்பார்கள். வரைபடத்தில் அருகருகே தெரிந்தாலும், இடையில் இருப்பவை பெரும்பாலும் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சந்துச் சாலைகள். எதிரே வண்டி வந்தால், இடப்பக்கம் இருக்கும் ஒதுங்குமிடத்தில் விலகி நிற்க வேண்டும். அது வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நம் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போவது மொத்தப் பாதையையும் அடைத்துவிடும். நாளுக்கு இரண்டு கிராமங்கள் போதும்.

பிபரி கிராமத்தில் உள்ள ஆர்லிங்டன் ரோ வீட்டு வரிசைக்கு நண்பகலில் போகாதீர்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவியும் நேரம் அது. காலை ஒன்பதுக்கு முன் போனால் நிதானமாகப் பார்க்கலாம். 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காக எழுந்த கட்டடம், 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறியது. இன்றும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதும் வாசல் சுவரில் உட்கார்ந்து படம் எடுப்பதும் அவர்களுக்குத் தினசரித் தொந்தரவு. பாதையில் நின்றபடியே கூரையைக் கவனியுங்கள்: ஓடாக வேய்ந்திருப்பது சுண்ணாம்புக்கல் பலகைகள். கீழ் விளிம்பில் பெரியவை; மேலே போகப் போகச் சிறுத்து, முகட்டருகே மிகச் சிறியவை. எதிரே உள்ள ஈரநிலத்தின் பெயர் ராக் ஐல். துணியை ‘ராக்’ எனப்படும் சட்டங்களில் விரித்துக் காயவைத்த இடம் என்பதால் வந்த பெயர்.

பலரும் ஊர்த் தேவாலயங்களுக்குள் நுழையாமலே திரும்பிவிடுகிறார்கள். பெரிய இழப்பு இதுதான். சின்ன ஊரில் அவ்வளவு பெரிய தேவாலயம் எப்படி வந்தது என்பதற்கு விடை உள்ளே தரையில் இருக்கிறது. சிப்பிங் காம்ப்டன் ஊர்த் தேவாலயத்தில், 1401-இல் இறந்த கம்பளி வணிகர் வில்லியம் கிரெவலின் உருவம் பொறித்த பித்தளைத் தகட்டைக் காணலாம். நார்த்லீச் ஊர்த் தேவாலயத் தகடுகளில் வணிகர்களின் காலடியில் செம்மறியாடும் கம்பளி மூட்டையும் செதுக்கப்பட்டுள்ளன. கம்பளிப் பணம்தான் இந்தக் கோபுரங்களை எழுப்பியது. பகலில் பெரும்பாலும் கதவு திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. தகடுகளின் மேல் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள்.

வயல்வழி நடக்க நினைத்தால் கைபேசி வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல்45 எண் வரைபடத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் 4 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ.; பொதுப்பாதைகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். வழிக்கம்பத்தில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்புப் பாதையில் குதிரையும் சைக்கிளும் வரலாம். வாயிற்கதவு திறந்திருந்தால் அப்படியே விடுங்கள், மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள். மாற்றி வைத்தால் மந்தை வழிதவறும், அல்லது தண்ணீருக்குப் போக முடியாமல் அடைபடும். கன்றுக்கும் தாய்ப்பசுவுக்கும் நடுவே ஒருபோதும் புகாதீர்கள். மிரண்டால் முட்ட வரும்.

பப்களில் மதியச் சமையல் பல இடங்களில் இரண்டு, இரண்டரைக்கே முடிந்துவிடும். ஞாயிறு மதிய உணவுக்கு முன்பதிவு அவசியம்.

கார் இல்லாதவர்கள் லண்டன் பாடிங்டனிலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பல தடங்களில் பேருந்தே ஓடாது. மற்ற நாள்களிலும் கடைசி வண்டி சீக்கிரமே போய்விடும். அதனால் திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலில் உறுதிசெய்துவிட்டு, அதற்கேற்ப நடையைத் திட்டமிடுங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறையும், பல ஊர்ச் சாலைகளில் விளக்கு இருக்காது. பையில் ஒரு டார்ச் இருக்கட்டும்.