'ஜங்கிள்' என்ற சொல்லை எங்கே, எப்படிப் போடுவது?

காடு என்றாலே ஆங்கிலத்தில் ஜங்கிள் என்று எழுதிவிடுகிறோம். பனி கொட்டும் ரஷ்யக் காட்டுக்குக்கூட! அங்கே ஃபாரஸ்ட்தான் சரி.

படி 1: சொல்லிப் பாருங்கள். 'தங்கம்' என்பதில் வரும் அதே 'ங்க' ஒலி. 'ஜாங்கிள்' என்று இழுக்க வேண்டாம்.

படி 2: இரண்டு கேள்விகள். வெப்பமண்டலக் காடா? செடியும் கொடியும் பின்னிக்கிடந்து, வெட்டித்தான் வழி உண்டாக்க வேண்டுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் தயங்காமல் ஜங்கிள் போடலாம்.

படி 3: ரெயின்ஃபாரஸ்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். அமேசான் மழைக்காட்டின் உள்ளே மரங்களின் உச்சிகள் கூரைபோல மூடிக்கொள்வதால், தரைக்கு வெயில் மிகக் கொஞ்சமே வருகிறது. அதனால் கீழே புதர் அதிகம் வளராது. பல இடங்களில் தாராளமாக நடக்கலாம். ஆற்றங்கரைக்கு வாருங்கள், அல்லது பெரிய மரம் ஒன்று விழுந்த இடத்துக்கு. வெளிச்சம் கிடைத்ததும் கொடிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கை நுழைய இடமிருக்காது. கறாராகச் சொன்னால் அதுதான் ஜங்கிள். பாடக் கட்டுரை என்றால் ரெயின்ஃபாரஸ்ட், சாகசக் கதை என்றால் ஜங்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: முன்னால் 'தி' சேருங்கள். 'தே காட் லாஸ்ட் இன் ஜங்கிள்' தவறு. 'இன் தி ஜங்கிள்' சரி. தமிழில் இப்படி ஒரு சொல் கிடையாது என்பதால் நமக்கு இது அடிக்கடி விட்டுப்போகும்.

படி 5: கூட்டுச்சொற்களில் கவனம். 'ஜங்கிள் கேட்' என்ற காட்டுப்பூனை அடர்ந்த மழைக்காட்டில் வாழ்வதல்ல; நாணற்காடு, புதர்க்காடுதான் அதற்குப் பிடித்த இடம். எகிப்தில்கூட உண்டு. பிறகு ஏன் அந்தப் பெயர்? சமஸ்கிருதத்தில் 'ஜாங்கலம்' என்றால் வறண்ட நிலம். அது இந்தியில் 'ஜங்கல்' ஆகி, 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோது புதர் மண்டிய தரிசையும் குறித்தது. அடர்காடு என்ற பொருள் பிறகு வலுத்தது. வறண்ட நிலத்தின் பெயர் ஈரக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்த வேடிக்கை இது!

அப்புறம், 'கான்கிரீட் ஜங்கிள்' என்பது கட்டடங்கள் நெருக்கியடிக்கும் நகரம். 'லா ஆஃப் தி ஜங்கிள்' என்று வந்தால் 'காட்டின் சட்டம்' என்று மொழிபெயர்க்காதீர்கள். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று நம்மிடமே இருக்கிறது.