பி-64ஆ, சிஇசட்-82ஆ? பழைய ராணுவ பிஸ்டல் வாங்கறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேஞ்சுல, அதாவது சுட்டு பழகற எடத்துல, மொத மேகஸின்ல (கைப்பிடிக்குள்ள சொருகற தோட்டா அடுக்கு) 6 ரவுண்டு, அடுத்ததுல 6 ரவுண்டு, மொத்தமே 12 தோட்டா தான் சுட்டேன், கையை விரிச்சு பார்த்தா கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற சதை செவந்து போய் கெடக்கு. பக்கத்து லேன்ல சுட்டுட்டு இருந்த பெரியவர் எட்டிப் பார்த்து சிரிச்சாரு, "போலந்து துப்பாக்கியா?"ன்னு மட்டும் கேட்டாரு. ஆமாங்க, போலந்து பி-64 தான். இங்க அமெரிக்கால ஒரு கடையில கண்ணாடி பெட்டிக்குள்ள கருநீலமா மின்னிட்டு இருந்துச்சு, உள்ளங்கைல அடங்குது, பக்கத்துலயே பெயின்ட் உரிஞ்சு போன ஒரு செக் சிஇசட்-82 அசிங்கமா கெடந்துச்சு, ரெண்டுக்கும் வெலைல பெரிய வித்தியாசம் இல்ல, நான் அழகை பார்த்து ஏமாந்தேன். சின்னது தானே, மெதுவா தானே உதைக்கும்னு ஒரு நெனப்பு வேற.

இந்த நெனப்பு தான் எல்லாரும் பண்ற மொத தப்பு. ரெண்டு பிஸ்டலும் சுடறது ஒரே தோட்டா, 9×18 மக்கரோவ் (9 சுமாரா குண்டோட குறுக்களவு, 18 கேஸோட நீளம், ரெண்டும் மில்லிமீட்டர்ல; கேஸ்னா மருந்து அடைச்ச உலோகக் கூடு). ரெண்டுமே ப்ளோபேக், அதாவது பூட்டு கீட்டுன்னு எதுவும் கிடையாது, தோட்டா வெடிக்கறப்ப பின்னாடி தள்ளற வேகத்தை ஸ்லைடோட (மேல முன்னும் பின்னும் நகர்ற பாகம்) கனமும் ஒரு ஸ்பிரிங்கும் மட்டும் தான் தாங்குது, மீதி எல்லாம் நேரா உங்க கைக்கு வந்துரும். பி-64 கிட்டத்தட்ட 620 கிராம், சிஇசட்-82 கிட்டத்தட்ட 800 கிராம். அதே அடி, வாங்கற ஒடம்பு மட்டும் எளைச்சது, அப்ப எது அதிகமா துள்ளும்னு நீங்களே சொல்லுங்க. போதாததுக்கு பி-64 கைப்பிடி ஒல்லி, சுண்டு விரலுக்கு சரியா எடமில்ல, அந்த அடி முழுக்க ஒரு சின்ன எடத்துல வந்து குத்துது. சிஇசட் கைப்பிடி தடிமன், உள்ள 12 ரவுண்டு ரெண்டு வரிசையா போகுது, உள்ளங்கை முழுக்க பரவி உக்காருது. ஒரு மணி நேரம் சுட்டுட்டு வீட்டுக்கு வந்து காபி டம்ளரை கை நடுங்காம புடிக்கலாம்.

இந்த துப்பாக்கிங்க எல்லாம் ஏன் அமெரிக்க கடைக்கு வந்துச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கறது நல்லது, ஏன்னா எது எதுக்காக செஞ்சதுன்னு புரிஞ்சா பாதி தப்பு தானா கொறையும். பி-64 போலந்து ராடோம் ஊர்ல 1960கள்ல இருந்து செஞ்சது, அதிகாரிங்க இடுப்புல தூக்கிட்டு சுத்தறதுக்கு, தெனமும் சுடறதுக்கு இல்ல. சிஇசட்-82 அதுக்கப்புறம் ஒரு இருபது வருஷம் கழிச்சு செக்கோஸ்லோவாக்கியா ராணுவம் எடுத்துக்கிட்டது, உஹெர்ஸ்கி ப்ரோத் தொழிற்சாலை. போலந்தும், செக்கோஸ்லோவாக்கியா பிரிஞ்சப்புறம் வந்த செக் குடியரசும் 1999 மார்ச் 12 அன்னிக்கு நேட்டோல சேர்ந்தாங்க, அங்க எல்லாம் 9×19 தோட்டா, அப்ப இந்த 9×18 பழைய சரக்கை என்ன பண்றது, கொஞ்சம் கொஞ்சமா கழிச்சு வித்தாங்க, இறக்குமதி பண்றவங்க மூட்டை மூட்டையா கொண்டு வந்தாங்க. அதிகாரி பெல்ட்ல தொங்கினதால வெளிய உறை ஒரசி தேஞ்சிருக்கும், உள்ள பெருசா சுட்டிருக்கவே மாட்டாங்க. அதனால வெளிப்பூச்சை பார்த்து மதிப்பு போடாதீங்க. சிஇசட் மேல இருக்கறது சூட்டுல வாட்டுன பெயின்ட், அது உரியத்தான் செய்யும், நான் வேணாம்னு ஒதுக்கின அந்த அசிங்கமான பிஸ்டல் ரெண்டு வாரம் கழிச்சு போனப்ப வித்துப் போச்சு.

குழலை பாக்கறதுலயும் ஒரு கூத்து இருக்கு. டார்ச் அடிச்சு உள்ள பார்த்தா சாதாரண குழல்ல வரிவரியா பள்ளம் மேடு கூர்மையா தெரியும். சிஇசட்-82 குழல் அப்படி இருக்காது, பாலிகோனல் ரைஃப்ளிங், மூலைங்க எல்லாம் வழவழன்னு உருண்டு இருக்கும், மேல குரோம் பூச்சு வேற. இது தெரியாம "தேஞ்சு போன குழல்"னு சொல்லி திருப்பி குடுத்தவங்களை நான் பார்த்திருக்கேன். தேயலைங்க, பொறந்ததே அப்படி. அந்த மாதிரி குழல்ல வெறும் ஈயக் குண்டு மட்டும் போடாதீங்க, ஈயம் ஒட்டிக்கும், மேல செம்பு உறை போட்ட குண்டே போடுங்க.

ட்ரிக்கர் கதைக்கு வருவோம், பி-64 பேரை கெடுத்தது அது தான். டபுள் ஆக்ஷன்ல, அதாவது ஹேமர் (பின்னாடி இருக்கற சுத்தியல், அது அடிச்சா தான் தோட்டா வெடிக்கும்) கீழ இருக்கறப்ப ட்ரிக்கரை இழுத்தே சுடணும்னா, 20 பவுண்டுக்கு மேல இழுக்கணும். கெணத்துல தண்ணி எறைக்கற மாதிரி இழுக்கணும், இழுக்கற இழுப்புல குறி எங்கயோ போயிருக்கும். கடையில காலி துப்பாக்கியை ஒரு தடவை அப்படி இழுத்து பார்த்துட்டு "சீ, இது வேணாம்"னு வெச்சுட்டு போறவங்க ஒரு வகை, இழுத்தே பாக்காம வாங்கிட்டு வந்து ரேஞ்சுல முழிக்கறவங்க என்னை மாதிரி இன்னொரு வகை. ரெண்டுமே தப்பு. கட்டை விரலால ஹேமரை பின்னாடி இழுத்து வெச்சுட்டு சுடுங்க, சிங்கிள் ஆக்ஷன்ல அதே பி-64 நல்லாவே இருக்கும், அட்டையில சுடறதுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே. ஹேமர் ஸ்பிரிங்கை மாத்தியும் எடையை கொறைக்கலாம், வுல்ஃப்னு ஒரு கம்பெனி இதுக்குன்னே விக்கறாங்க, தோட்டா விக்கற வுல்ஃப் வேற இந்த வுல்ஃப் வேற, தமிழ்ல எழுதினா ஒண்ணு மாதிரி தெரியும், ஆர்டர் போடறப்ப பார்த்து போடுங்க. ஆனா ரொம்ப மெல்லிசு ஸ்பிரிங்கா போட்டா ஹேமர் அடிக்கற அடி பத்தாது, ப்ரைமர் (தோட்டா அடியில அடி வாங்கி பத்திக்கற சின்ன மூடி) கெட்டியா இருக்கற தோட்டா "டிக்"னு மட்டும் சத்தம் போட்டுட்டு வெடிக்காம நிக்கும். அப்படி நின்னா உடனே ஸ்லைடை இழுக்காதீங்க, முனையை குறிப்பக்கமே வெச்சுட்டு அரை நிமிஷம் பொறுங்க, சில சமயம் லேட்டா வெடிக்கும்.

சேஃப்டி விஷயத்துல ரெண்டும் வேற வேற ஜாதி, ஒண்ணுல பழகிட்டு இன்னொண்ணை எடுத்தா கை தப்பு பண்ணும். பி-64ல ஸ்லைடு மேல இருக்கற லீவரை கீழ தள்ளினா ஹேமர் தானா எறங்கிரும், வெடிக்காது. சிஇசட்-82ல லீவர் ஃப்ரேம்ல, ரெண்டு பக்கமும் இருக்கு, இடது கைக்காரங்களுக்கு வரப்பிரசாதம், ஆனா அது பூட்டும், அவ்ளோ தான், ஹேமரை எறக்காது. தோட்டா உள்ள இருக்கறப்ப ஹேமரை கட்டை விரல்ல புடிச்சுட்டு மெதுவா எறக்கலாம்னு பாக்காதீங்க, வேர்த்த கை, வழுக்கினா போச்சு. ரேஞ்சுல அதுக்கு தேவையே இல்ல, மேகஸினை உருவு, ஸ்லைடை இழுத்து உள்ள இருக்கற தோட்டாவை வெளிய எடு, தொறந்து வெச்சுட்டு கீழ வை. பி-64ல ஸ்லைடை தொறந்து நிறுத்த வெளிய லீவரே கிடையாது, காலி மேகஸினை சொருகி இழுத்தா தான் நிக்கும், அப்புறம் மேகஸினை எடுக்கணும், அதையும் கைப்பிடிக்கு அடியில இருக்கற கொக்கியை பின்னாடி தள்ளி தான் எடுக்கணும். மொத நாள் ரேஞ்ச் ஆபீசர் "சீஸ் ஃபயர்", அதாவது சுடறதை நிறுத்துன்னு கத்தறப்ப இது தெரியாம நான் தடுமாறினது எனக்கு தான் தெரியும்.

பழைய பி-64ல அந்த சேஃப்டி லீவரை அப்படியே நம்பறதும் தப்பு தான். 50 வயசு ஆன இரும்பு. துப்பாக்கி காலின்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, குழல்ல ஒரு பென்சிலை ரப்பர் முனை உள்ள போற மாதிரி விட்டு, முனையை மேல தூக்கி புடிச்சு ஹேமரை இழுத்து வெச்சு லீவரை தள்ளுங்க. பென்சில் துள்ளக்கூடாது. துள்ளுச்சுன்னா ஃபயரிங் பின்னை (ப்ரைமரை குத்தற ஊசி) ஹேமர் அடிக்குதுன்னு அர்த்தம், துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித் கிட்ட காட்டாம ஒரு தோட்டா கூட போடாதீங்க.

இப்ப தோட்டா. 9 எம்எம்னா 9 எம்எம் தானேன்னு பொதுவா 9 எம்எம் டப்பாவை எடுத்துட்டு போறவங்க உண்டு. 9×19 வேற, கேஸே 1 மில்லிமீட்டர் அதிக நீளம். 380ன்னு சொல்றது 9×17, அது கட்டை, உள்ள போயிரும், போய் தொலையறது தான் பிரச்சன, ஏன்னா குண்டோட குறுக்களவே வேற. மேற்கத்திய 9 எம்எம் குண்டு 9.02 மில்லிமீட்டர் சுமார், மக்கரோவ் குண்டு 9.27. சின்ன குண்டு பெரிய குழல்ல லொடலொடன்னு போகும், குறி எங்க போய் உக்காரும்னு கடவுளுக்கே வெளிச்சம். 9×18 அல்ட்ரான்னு இன்னொண்ணு இருக்கு, பேர்ல 18 இருந்தாலும் இது அது இல்ல. டப்பால மக்கரோவ்னு எழுதியிருக்கான்னு பாருங்க, அவ்ளோ தான். அந்த தோட்டா வெலையை பார்த்துட்டு அப்புறம் துப்பாக்கி வாங்குங்க, முன்னாடி ரஷ்யாவுல இருந்து ஸ்டீல் கேஸ் தோட்டா மலிவா வந்துட்டு இருந்துச்சு, 2021 செப்டம்பர்ல இருந்து புது இறக்குமதி அனுமதி குடுக்கறதை அமெரிக்கா நிறுத்திருச்சு. இப்ப செக் நாட்டு செல்லியர் அன்ட் பெலோ, செர்பியா பிபியூ மாதிரி பித்தளை கேஸ் தான் கதி, சாதாரண 9 எம்எம்மை விட வெலை ஜாஸ்தி. துப்பாக்கில மிச்சம் புடிச்ச காசை தோட்டால விட்டுட்டு நிப்பீங்க. பழைய ஸ்டீல் சரக்கு யார்கிட்டயாவது கெடைச்சாலும் ரேஞ்ச்ல கேட்டுக்கோங்க, நெறைய இண்டோர் ரேஞ்சுல வாசல்லயே காந்தம் வெச்சு பாப்பாங்க, ஒட்டுச்சுன்னா உள்ள விடமாட்டாங்க.

ராணுவ கிடங்கு காலத்து தோட்டால இன்னொரு வில்லங்கம், சிலதோட ப்ரைமர் சுட்டதும் உப்பு மாதிரி ஒரு கழிவை விட்டுட்டு போகும், அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து ராத்திரியோட ராத்திரியா துரு புடிக்க வைக்கும். வெறும் எண்ணெய் தொடச்சா உப்பு போகாது, சுடுதண்ணி ஊத்தி கழுவி நல்லா காய வெச்சுட்டு தான் எண்ணெய் போடணும். இரும்புல தண்ணியான்னு பதறாதீங்க, உப்பு தண்ணில தான் கரையும். கிடங்குல இருந்து வந்த துப்பாக்கிக்கு உள்ள கெட்டியான கிரீஸ் அப்பியிருக்கும், ஃபயரிங் பின் போற ஓட்டையை மறக்காம சுத்தம் பண்ணுங்க, அங்க பின் ஒட்டி முன்னாடி நீட்டிட்டு நின்னா ஸ்லைடு மூடறப்பவே வெடிக்க வாய்ப்பு இருக்கு. ஸ்லைடை தாங்கற ரீகாயில் ஸ்பிரிங்கை வாங்கின அன்னிக்கே புதுசு போட்டுருங்க, ப்ளோபேக் துப்பாக்கிக்கு அது தான் பாதி உயிர்.

நம்ம ஆளுங்க பண்ற பெரிய தப்பு ஒண்ணு தனியா இருக்கு, அது துப்பாக்கில இல்ல, விசால. எச்1பி, எஃப்1, எல்1 மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கி வாங்கறது மட்டும் இல்ல, கைல வெச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி பொதுவா குத்தம். வேட்டை லைசென்ஸ் செல்லுபடியா வெச்சிருக்கறது மாதிரி சில விலக்கு இருக்கு, ஆனா "ரேஞ்ச்ல வாடகைக்கு தானே எடுக்கறோம், ஃப்ரெண்டு துப்பாக்கி தானே"ன்னு போயிராதீங்க, அதுவும் கைல வெச்சிருக்கற கணக்கு தான். ஆபீஸ்ல டீம் அவுட்டிங்னு கூட்டிட்டு போவாங்க, வரலைன்னு சொல்ல சங்கடமா இருக்கும், பரவால்ல, வக்கீல் கிட்ட கேட்டுட்டு போங்க. கிரீன் கார்டு இருந்தா பிரச்சன இல்ல, 21 வயசு ஆகியிருக்கணும், உங்க மாநிலத்துல லைசென்ஸ் வெச்சிருக்கற கடை வழியா 4473 ஃபாரம் நிரப்பி வாங்கணும், அதுல பொய் எழுதினா அதுவே தனி கேஸ். ஆன்லைன்ல காசு கட்டினாலும் பெட்டி அந்த கடைக்கு தான் வரும். பழசு சேகரிக்கறவங்களுக்கு 30 டாலருக்கு 3 வருஷ லைசென்ஸ் தனியா உண்டு, 50 வயசு தாண்டினது, இல்லன்னா ஏடிஎஃப் (துப்பாக்கி விஷயத்தை பாக்கற ஃபெடரல் துறை) பட்டியல்ல இருக்கறது அதுல அடங்கும், பி-64 பெரும்பாலும் 50 வயசு தாண்டிருச்சு, சிஇசட்-82 அந்த வயசு ஆகலைன்னாலும் பட்டியல்ல பேர் இருக்கு, ஆனா மாநில சட்டம் குறுக்க வரலாம். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க்ல இருக்கறவங்க இன்னொண்ணும் பாக்கணும், அங்க மேகஸின் 10 ரவுண்டுக்கு மேல போகக்கூடாது, சிஇசட் மேகஸின் 12.

குறி சரியா விழலைன்னு துப்பாக்கியை திட்டறதும் நடக்கும். ரெண்டுலயும் குழல் ஃப்ரேமோட அசையாம நிக்கற அமைப்பு, சுடறப்ப குழல் ஆடாது, அதனால எந்திரம் கிட்ட பெரிய குத்தம் இல்ல. சிக்கல் சைட்ல, அதாவது மேல குறி பாக்கறதுக்கு இருக்கற மேட்டுல. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல 12 சென்டிமீட்டர் தான்னு வெச்சுக்கோங்க, முன் சைட்டு 1 மில்லிமீட்டர் நகந்தா 10 மீட்டர் தள்ளி அட்டையில 8 சென்டிமீட்டருக்கு மேல தள்ளிப் போயிரும். பி-64 சைட்டு பாக்கெட்ல மாட்டக்கூடாதுன்னு இத்துனூண்டு வெச்சிருக்காங்க, நாப்பது வயசு கண்ணுக்கு அது கொசு மாதிரி. அதனால 25 கெஜத்துல ஆரம்பிச்சு மனசு ஒடையாதீங்க, 7 கெஜத்துல அட்டையை தொங்க விடுங்க.

நான் அப்புறமா ஒரு சிஇசட்-82 வாங்கிட்டேன், அதுக்கும் பெயின்ட் பாதி இல்ல, ரெண்டு மேகஸின் கூட வந்துச்சு, மூணாவது தேடி அலைஞ்சது தனிக்கதை, மேகஸின் எத்தனை தராங்கன்னு வெலை பேசறப்பவே கேட்டுருங்க. இப்ப ரேஞ்சுக்கு போறப்ப ரெண்டையும் எடுத்துட்டு தான் போறேன். போலந்துக்காரனை மொதல்ல ஒரு 12 ரவுண்டு, மேகஸின் ரெண்டும் காலி ஆனதும் கையை ஒதறிட்டு பெட்டிக்குள்ள வெச்சு பூட்டிருவேன், மீதி டப்பா முழுக்க செக்காரனுக்கு.